இல்லாத பிராணிக்கும் ஒரு பெயர்

உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு பிராணியின் பெயரை எப்படிச் சொன்னால் சரி, எப்படிச் சொன்னால் தவறு? கேள்வியே வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? ஆனால் இதற்காக வருடக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பாரிஸில் படிக்கும் என் பேரன் அதில் ஒருவன். அவன் மூலமாகத்தான் இந்த வம்பு என் காதுக்கு வந்தது.

என் வயதுக்காரர்களுக்காக அந்த ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி 1974இல் வெளிவந்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம்: வீரன், மந்திரவாதி, திருடன். வாளை ஓங்கினால் அடி பட்டதா, தப்பியதா என்று இருபது முகமுள்ள பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். மற்றதெல்லாம் வாய்ப்பேச்சுதான். உட்கார்ந்த இடத்திலேயே ஆடும் தெருக்கூத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பேச்சு என்பதால்தான் வம்பே. கதைப்புத்தகத்தில் வாயில் நுழையாத பெயர் வந்தால் கண்ணாலேயே தாண்டிப் போய்விடலாம். மேசையில் அது நடக்காது. எதிரே வருவது இன்னதென்று கதைசொல்லி வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும்.

பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு மிகவும் பிடித்தது 'பூலே' விவகாரம். மண்ணுக்கடியில் சுறாமீன் போலப் பாய்ந்து வந்து ஆளை விழுங்கும், உடம்பெல்லாம் ஓடு போர்த்திய மிருகம் அது. ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைப் பார்த்துக் கற்பனை செய்தார்களாம். 1976 ஜூனில் 'தி டிராகன்' என்ற பத்திரிகையின் முதல் இதழில் வந்தது. பெயரின் எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் ஆம்லெட், பாகெத் மாதிரி முடிகிறது. எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் 'பியுலெத்' என்றுதான் படித்திருப்பார். அமெரிக்கர்களோ 'பூலே' என்கிறார்கள். துப்பாக்கி புல்லட்டுக்கு யாரோ பிரெஞ்சுத் தொப்பி மாட்டிவிட்டது போல எனக்குப் பட்டது. அந்தத் தொப்பியும் தலையில் சரியாக உட்காரவில்லை. பேரனின் நண்பர்கள் அதைப் 'பூலெத்' என்று சொல்லிச் சிரிப்பார்களாம். பிரெஞ்சில் அதற்கு உருண்டை என்று பொருள், கறி உருண்டை உட்பட. ஆளை விழுங்க வரும் மிருகத்தைக் கறி உருண்டை என்று கூப்பிட்டால் யார் பயப்படுவார்கள்?

இப்படிப் பல பெயர்கள். கடைசியில் 1985 ஜனவரியில் அதே பத்திரிகை, ஃபிராங்க் மென்ட்சர் என்பவர் தயாரித்த உச்சரிப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சண்டை ஓய்ந்ததா? இல்லை. நிலத்துக்கடியில் வாழும் ஒரு கூட்டத்தாரை 'ட்ரௌ' என்பதா, 'ட்ரோ' என்பதா என்று இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது.

பெயர் வைத்தவரே விதியையும் எழுதி வைத்துவிட்டால் தொல்லை இல்லை. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், ஆக்ஸ்ஃபோர்டில் மொழிப் பேராசிரியர். 1955இல் வந்த மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பில் தன் கதைப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று சொல்லியிருக்கிறார். 'சி' என்ற எழுத்து எங்கே வந்தாலும் 'க' ஒலிதான்; ஆகவே 'செலெபோர்ன்' அல்ல, 'கெலெபோர்ன்'. 'ஏ'யும் 'யு'வும் சேர்ந்து வந்தால் நம் 'ஔ'. என் பேரன் பிரெஞ்சு வழக்கப்படி 'சோரோன்' என்று சொல்லிக்கொண்டிருந்த வில்லன் உண்மையில் 'சௌரோன்'. தமிழில் எழுதிக் காட்டினேன். ஒரே எழுத்தில் விஷயம் முடிந்தது. ஔவையாரை விட்டால் வேலையில்லை என்று நாம் நினைக்கிற எழுத்துக்கு எங்கோ ஒரு வேலை!

இதற்கு நேர்மாறானவர் லவ்கிராஃப்ட். 1928இல் வெளியான கதையில் அவர் படைத்த கடல் பூதத்தைச் சிலர் 'கதூலு' என்கிறார்கள், சிலர் 'குதுல்ஹு' என்கிறார்கள். அது மனித வாய்க்காக உண்டான பெயரே அல்ல என்று அவரே சொல்லிவிட்டார். ஆக, எல்லோரும் தவறு; எனவே எல்லோரும் சரி.

இதுவரை சிரிக்கலாம். 1977இல் வந்த அந்த ஆட்டத்தின் பிராணிப் புத்தகத்தில் ஒரு 'ராக்ஷாஸா'வும் இருக்கிறது. படத்தில் புலித்தலை. வேறு யாருமில்லை, நம் ராட்சசன்தான். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவை பெரும்பாலும் கற்பித்த பெயர்கள். இதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பாட்டி சொன்ன கதை இருக்கிறது.

சொந்தக்காரர் உள்ள பெயரைத் தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். புதுச்சேரியின் பழைய பிறப்புப் பதிவேடுகள் பிரெஞ்சில் இருக்கும். பிரெஞ்சில் 'உ' என்று ஒலிக்க 'ஓ', 'யு' என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்து எழுத வேண்டும். ஆங்கிலம் மட்டும் படித்தவருக்கு அது 'ஔ'. ஒரு நாள், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் 'லட்சௌமி, லட்சௌமி' என்று நாலைந்து முறை கூப்பிட்டார். பெஞ்சில் இருந்த லட்சுமி அம்மாள் எழுந்திருக்கவில்லை. அது தன் பெயர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆள் வரவில்லை என்று காகிதம் அடுக்கின் அடியில் போயிற்று. சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்தார்.

என் பேரனின் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. அவன் ஆசிரியர்கள் அதை 'ஸ' என்கிறார்கள். திருத்துவதை விட்டுவிட்டேன் என்றான். ஆனால் ஆட்டத்தில் அவனே கற்பித்த வீரனின் பெயரை யாராவது தவறாகச் சொன்னால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவானாம். "அது நான் வச்ச பேரு தாத்தா" என்றான். "இது நாங்க உனக்கு வச்ச பேருடா" என்றேன். பதில் சொல்லவில்லை.

அவர்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டாம். புது ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்வார்கள். மற்றவர்கள் அதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். பிறகுதான் பகடை. பள்ளிக்கூடத்திலும் அலுவலகக் கவுண்டரிலும் இதைச் செய்ய எத்தனை நேரம் பிடிக்கும்? ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.