பின்கதவுச் சாவி

தீயணைப்புத் துறையில் சேர்ந்த புதிதில், ஒரு கட்டடத்தை ஆய்வு செய்வதென்றால் தீயணைப்பான்களை எண்ணுவதுதான் என்று நினைத்திருந்தேன். பவுடர் சிலிண்டரில் முள் பச்சைக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு முள் கிடையாது. எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

எனக்குத் தொழில் பழக்கிய நிலைய அலுவலர் இந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டு, நேராகக் கட்டடத்தின் பின்பக்கம் போய்விடுவார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஒரே கேள்வி.

"இந்தக் கதவுச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"மேனேஜர்கிட்ட ஐயா. அவர் ஊருக்குப் போயிருக்கார்."

அதற்குமேல் எதையும் பார்க்க மாட்டார். திரும்பும்போது என்னிடம் சொல்வார்: "தம்பி, நெருப்புக்கு முன்னாடி புகைதான் ஆளைக் கொல்லும். கண்ணு தெரியாத கூட்டம் வந்த வழியாவேதான் ஓடும். ரெண்டாவது வழி திறந்திருந்தாத்தான் பாதிப் பேராவது பிழைப்பான்."

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகினார்கள். கீற்றுக்கூரை, குறுகலான படி. அவர் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

அப்படியும் ஒரு தவறு செய்தேன். ஒரு கல்யாண மண்டபத்தை ஆய்வு செய்யப் போனேன். போகும் நாளை முன்கூட்டியே சொல்லியிருந்தேன். பின்கதவு விரியத் திறந்திருந்தது. திறந்திருக்கும் கதவுக்குச் சாவி எதற்கு என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அதே மண்டபத்தில் என் தங்கை மகள் கல்யாணம். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கதவில் பூட்டு. அதன்மேல் ஆள் உயரத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்தப் பக்கம் நாலு அடுப்பு எரிகிறது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் ஊரில் இல்லை.

"அண்ணே, முகூர்த்த நேரத்துல வேணாம்ணே" என்று தங்கை கையைப் பிடித்தாள். நான் கேட்கவில்லை. சமையல்காரரிடம் சுத்தியல் வாங்கிப் பூட்டை உடைத்த பிறகுதான் தாலி கட்டுவதைப் பார்க்கப் போனேன். சம்பந்தி வீட்டார் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அந்தப் பூட்டுக்கு அனுமதி கொடுத்தவனே நான்தானே. அதற்குப் பிறகு, ஓய்வு பெறும் வரை, சொல்லிவிட்டு நான் ஆய்வுக்குப் போனதில்லை. கூட்டம் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் போவேன்.

அடுத்த முறை கல்யாணத்துக்குப் போகும்போது, பந்தியில் உட்காருவதற்கு முன் நீங்களும் ஒரு நடை பின்பக்கம் போய்ப் பாருங்கள்.