அலகு பேசும் மொழி

திண்டுக்கல் சமவெளியில் சோளக்கதிர் முற்றும் நாள்களில் பச்சைக்கிளிக் கூட்டம் வந்து இறங்குவதை நாம் கண்டிருக்கிறோம். ஒரே கதிரை இரண்டு கிளிகள் நாடினால், ஒன்று கழுத்தை நீட்டி அலகைத் திறக்கும். மற்றது அடுத்த தட்டைக்குத் தாவிவிடும். பெரும்பாலும் பூசல் அவ்வளவோடு தீரும். சென்னை இராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர் என்பவர், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தம் மொட்டைமாடியில் பலகைகளை வரிசையாக அமைத்து ஊறவைத்த அரிசியைப் பரப்பினார். ஆயிரக்கணக்கான கிளிகள் வந்து நெருங்கி அமர்ந்து உண்டன. விலகிப் பறக்க அவற்றுக்கு வானம் இருந்தது.

கூண்டுக் கிளிக்கு அது இல்லை. விலக இடமில்லாத உயிருக்கு அலகு ஒன்றே எஞ்சுகிறது. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பொந்திலிருந்து குஞ்சைத் திருடி, சிறகை வெட்டி, அது கடிக்கிறது என்று குறைகூறுவது என்ன நியாயமோ!

எங்கள் இல்லத்தில் இருப்பவை, ஊரைவிட்டுப் போன உறவினர் ஒப்படைத்த இரண்டு காக்டெய்ல் கிளிகள். ஆஸ்திரேலிய இனம், கூண்டிலேயே பிறந்தவை. தீனிக் கிண்ணத்தருகே எவர் கை சென்றாலும் ஆண் கிளி பாய்ந்தது; பெண் கிளியையும் உண்ணவிடாமல் விரட்டியது. ஒருநாள் எங்கள் பேத்தியின் விரலில் இரத்தம் வந்தது. “அலகில் சுண்டுங்கள்” என்றார் ஒருவர். “திறந்து பறக்க விட்டுவிடுங்கள், அண்ணாச்சி” என்றார் மற்றொருவர். இரை தேடப் பழகாத பறவையைத் திறந்துவிட்டால் காக்கையும் வல்லூறும் மாலைக்குள் அதை முடித்துவிடும். அலகோ உணர்ச்சி நரம்புகள் ஓடும் உறுப்பு. அதில் சுண்டினால் கையின்மேல் அச்சந்தான் வளரும்.

எனவே அதைக் கவனிக்கத் தொடங்கினோம். கடிக்குமுன் அது கொண்டையைப் பின்னால் படிய வைத்தது. உடலைத் தாழ்த்திச் சீறியது. அந்த எச்சரிக்கையை மதித்துக் கையை நிறுத்தினால் கடி நேர்வதில்லை. விரலில் ஏறுமுன் அலகால் தொட்டுப் பார்ப்பதோ கடியே அன்று. கால் வைக்கும் இடம் உறுதியானதா என்னும் சோதனை அது.

பிறகு கிண்ணத்தை இரண்டாக்கி, கூண்டின் இரு கோடிகளில் வைத்தோம். தீனி வைக்கும்போது கிளியை முதலில் ஒரு குச்சியில் ஏற்றி அப்புறப்படுத்தி, அமைதியாக ஏறியதற்கு ஒரு சூரியகாந்தி விதை கொடுத்தோம். தினையையும் கம்பையும் ஒரே இடத்தில் குவிக்காமல், ஒரு பகுதியை ஓலைத்துண்டில் மடித்தும், கதிராகத் தொங்கவிட்டும் கொடுத்தோம். காட்டில் நாளின் பெரும்பொழுதை இரை தேடுவதில் கழிக்கும் இனத்திற்கு இந்த வேலை தேவை. கூண்டிலிருந்த மரப்பெட்டியையும் எடுத்துவிட்டோம். இருண்ட பொந்து போன்ற இடம் கூடுகட்டும் வேட்கையைத் தூண்டி மூர்க்கத்தை வளர்க்கும். இரவில் பன்னிரண்டு மணி நேரம் கூண்டைத் துணியால் மூடினோம். தொலைக்காட்சியை முன்னதாகவே அணைக்க வேண்டியிருந்ததில் வீட்டில் சிலருக்கு மனத்தாங்கல்.

கடித்தபோது எவரும் கத்தவில்லை. அந்த ஆரவாரமே சில கிளிகளுக்கு வெகுமதியாகிவிடுமாம். இரண்டு மாதத்திற்குப் பின் பெண் கிளி தன் கிண்ணத்தில் வயிறார உண்டது. ஆண் கிளி இன்னும் சீறுவதுண்டு, சூரியகாந்தி விதை வைக்கும் நாள்களில். பேத்தி அப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொண்டை எழும்பும்வரை காத்து நிற்கிறாள்.