வேப்பமுத்து

எங்கள் ஊரில் முத்து என்றால் முதலில் வேப்பமுத்துதான். தூத்துக்குடிக் கடலில் மூச்சடக்கிச் சிப்பி எடுத்த கதையைப் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். அந்த முத்துக்குளிப்பும் 1961-ஓடு நின்றுபோனது. சாத்தான்குளத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்த முத்தெல்லாம், ஆனி ஆடிக் காற்றில் தேரிக்காட்டுச் செம்மண் பறந்து வரும் நாட்களில் முற்றத்து வேம்பு உதிர்த்தவை.

விடிந்ததும் ஆளுக்கொரு ஓலைக் கொட்டானோடு மரத்தடிக்கு ஓடுவோம். காக்கா சதையைத் தின்றுவிட்டுப் போட்ட முத்து சுத்தமாக, வெளிறிய தந்த நிறத்தில் கிடக்கும். தானாக விழுந்த பழத்தைப் பிதுக்கினால் வழவழவென்று விரலெல்லாம் ஒட்டும். மஞ்சள் பழத்தை உதட்டில் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் முதலில் தித்திக்கும், அப்புறம் தொண்டையில் கசப்பு ஏறும். வெயிலில் காயவைத்த முத்தைக் கடைக்காரர் படியால் அளந்து எடுத்துக்கொள்வார். அந்தக் காசுதான் திருச்செந்தூர் ஆவணித் திருவிழாவுக்கு.

கொஞ்சத்தை ஆச்சி செக்குக்குக் கொடுத்தனுப்புவாள். எண்ணெய் மாட்டுப் புண்ணுக்கும் விளக்குக்கும், புண்ணாக்கு வாழைக்கும். யூரியா போடுகிற அன்றைக்கு முந்தின ராத்திரியே அதில் புண்ணாக்குப் பொடியைப் பிசறி வைப்பார் தாத்தா. "வெறும் உரம் தண்ணியோட போயிரும், இது பிடிச்சு வச்சுக் கொடுக்கும்" என்பார். 2015-இல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதிலும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று அரசு சொன்னபோது எனக்குத் தாத்தாவின் கைதான் கண்ணுக்குள் வந்தது. குலுக்கையில் உளுந்து கொட்டும்போது நடுநடுவே உலர்ந்த வேப்பிலை விழும். வண்டு அண்டாது.

சித்திரையில் பூ. இரவே ஆச்சியின் பழஞ்சேலையை மரத்தடியில் விரித்துவிடுவோம். காலையில் சேலை முழுக்க வெள்ளைப் பொடிப் பூ, அதன் மேல் தேனீ. காம்பு ஆய்ந்து, காயவைத்து, எண்ணெயில் கருகாமல் வறுத்து, உப்பு தூவிச் சோற்றில் பிசைந்து முதல் உருண்டையை ஊட்டுவாள். பாண்டியனுக்குரிய மாலை வேப்பம்பூ மாலை என்று பிறகு படித்தேன். அவனுடைய முத்துத் துறைமுகமான கொற்கையும் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. உலகத்துக்கே முத்து அனுப்பிய அரசன் கழுத்துக்கு வேப்பம்பூவைத் தேர்ந்தெடுத்தான் என்பதில் இன்றும் எனக்கு ஒரு பெருமை.

இன்னொரு முத்தும் உண்டு. எனக்கு ஏழு வயதில், ஒரு கோடையில் அது வந்தது. நெற்றியில் ஒன்று, வயிற்றில் நாலு என்று ஆரம்பித்து மறுநாள் உடம்பெல்லாம். காய்ச்சல் என்று யாரும் சொல்லவில்லை. "அம்மா வந்திருக்கா" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அது சின்னம்மை. ஆச்சி வாசலில் வேப்பங்குலை சொருகினாள். அதைப் பார்த்தவர்கள் படியேறவில்லை, தெருப்பிள்ளைகளும் வரவில்லை. நோய் அடுத்த வீட்டுக்குப் போகாமல் தடுக்க இதைவிட எளிய அறிவிப்பு ஏது? உள்ளறையில் பாயின் மேல் வேப்பிலை பரப்பி, அதன்மேல் நைந்த வேட்டி விரித்து என்னைக் கிடத்தினாள். அரிப்புத் தாங்காமல் கை போகும்போதெல்லாம் ஒரு கொத்து இலையால் மெல்ல வருடிக் கொடுப்பாள்.

"நகம் படக்கூடாதுய்யா. முத்து உடைஞ்சா தழும்பு விழுந்துரும். அவ போட்டத அவளே எறக்கிருவா."

"எப்ப ஆச்சி எறங்கும்?"

"இலை காயுதுல்லா, அது மாதிரி காஞ்சு உதிரும் எய்யா."

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். முத்தை ஆற்றுகிறவள் என்பதால் முத்தாரம்மன் என்பது எங்கள் பக்கத்துப் பெயர்க்காரணம். தலைக்குத் தண்ணீர் விடும் அன்று, முற்றத்து வெயிலில் அண்டா நிறைய வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் சூடேறிக் கிடந்தது. முதல் சொம்பு தலையில் விழுந்தபோது வந்த அந்தப் பச்சை வாசனைதான் இன்றுவரை எனக்குக் குணமாவதன் வாசனை.

ஆச்சி செய்ததையெல்லாம் நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டும் பழக்கம் கூடவே கூடாது. அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-இலேயே எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் மேலுக்குத்தான். ஆனால் பயிரில் பூஞ்சையைத் தடுக்கும் வேப்பெண்ணெய் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் கிரேஸ் நிறுவனமும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கியபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. இந்தியாவில் இந்த முறை முன்பே புழக்கத்தில் இருந்ததென்று எதிர்த்தவர்கள் வழக்காடி, 2000-இல் அதை ரத்து செய்யவைத்தார்கள். மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது. அந்தச் செய்தியைப் படித்த அன்று தாத்தாவும் ஆச்சியும் இல்லை. இருந்திருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன்.

அம்மை இறங்கிய அந்த வருஷம் ஆடியில், பொறுக்கியதில் நல்ல முத்தாகப் பார்த்து ஒரு தகர டப்பாவில் பூட்டி வைத்தேன், யாருக்கும் கொடுக்காமல். தை மாதம் வேலியோரம் குழி தோண்டி ஒவ்வொன்றாக நட்டுத் தினமும் தண்ணீர் விட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

"வேப்பமுத்த பூட்டி வைக்கலாமா? விழுந்த சூட்டோட மண்ணுக்குள்ள போகணும்யா" என்றாள் ஆச்சி. கையைப் பிடித்துத் தொழுவத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள். துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, காக்கா வரிசையாக உட்காரும் இடத்தில், சாண் உயரத்தில் மூன்று வேப்பங்கன்றுகள் நின்றன. ஆடு கடிக்காதபடி சுற்றிலும் உடைமுள் வைத்து அடைத்திருந்தாள்.