சுற்றும் இடம்

சாத்தூர் மெயின் ரோட்டில் சேவுக் கடைகளின் எண்ணெய் மணம் தேய்ந்து, கிரீஸ் வாடை தொடங்கும் இடத்தில் அந்தச் சைக்கிள் பட்டறை. உத்தரத்தில் ரிம்களும் பழைய டயர்களும் தொங்குகின்றன. கரிசல் புழுதியும் கிரீஸும் சேர்ந்து தரை கெட்டித்துக் கிடக்கிறது. ஐம்பதைத் தாண்டிய பட்டறைக்காரர் சாக்குமேல் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் பிரீவீல் கழுவிக்கொண்டிருக்கிறார்.

ஆட்டோவிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இறங்குகிறார். முழங்கால் ஆபரேஷன் ஆனவர் என்பது காலை ஊன்றும் விதத்திலேயே தெரிகிறது. பின்னாலேயே பேரன் 28 அங்குலச் சைக்கிளை உருட்டி வருகிறான். ஆட்டோவுக்குள் ஓர் இரும்புச் சட்டம். சைக்கிளின் பின்சக்கரத்தை அதன்மேல் தூக்கி மாட்டினால் டயர் ஓர் இரும்பு உருளைமேல் உட்காரும். வீட்டுக்குள் இருந்தபடியே மிதிக்கலாம். லாரி ஓடும் ரோட்டில் போக வேண்டாம், வீட்டிலேயே மிதியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"பத்து நிமிஷம் மிதிச்சா கீச்சுன்னு கத்துது தம்பி. டயர்ல கருப்புப் பொடியா உதிருது. முட்டிய வேற வெட்டி வெட்டி இழுக்குது. இன்னொரு வெல்டிங் வச்சுப் பாரேன்."

பட்டறைக்காரர் பதில் சொல்லவில்லை. உருளையை விரலால் சுண்டுகிறார். அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. சட்டத்தில் அது நுழையும் துளையைத் தடவிப் பார்க்கிறார். விரலில் துருவும் இரும்புத் தூளும்.

"வெல்டிங்ல கோளாறு இல்ல சார். உருளை சுத்துற எடத்துலதான் கோளாறு."

உருளையோடு கம்பியைச் சேர்த்துப் பற்றவைத்து, இரண்டு துளைகளில் அப்படியே செருகியிருக்கிறார்கள். இரும்புக்குள் இரும்பு. சாதாரணச் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் பின்சக்கரம் 147 சுற்று ஓடும். அதன்கீழ் இரண்டு அங்குல உருளை சுமார் 2,000 சுற்றுச் சுற்றியாக வேண்டும். அந்த வேகத்தில் வெறும் துளை சூடேறும், கவ்வும், விடும். கவ்வும்போது டயர் வழுக்கித் தேய்கிறது. அந்த வெட்டு செயின் வழியாக முழங்காலுக்குப் போய்ச் சேர்கிறது.

கம்பியை அறுத்து எடுக்கிறார். உருளையின் இரண்டு வாயிலும் பொருந்தும்படி வளையம் கடைந்து வர, பக்கத்து லேத்துக்குப் பட்டறைப் பையனை அனுப்புகிறார். எண்ணெய்க் காகிதத்திலிருந்து 6202 எண் பால்ரஸ் (பேரிங்) இரண்டு வெளியே வருகின்றன. உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 35. வளையத்தின் வாயில் வைத்தவர் சுத்தியலை நேராக ஓங்கவில்லை. கழற்றிப்போட்ட பழைய பால்ரஸின் வெளிவளையத்தை அதன்மேல் வைத்து, மேலே, கீழே, இடம், வலம் என்று மாற்றி மாற்றித் தட்டுகிறார். அடி முழுக்க வெளிவளையத்தில் விழுகிறது. உள்வளையத்தில் விழுந்தால் குண்டுகள் ஓடும் பாதையில் தழும்பு விழும். புதுப் பால்ரஸ் அன்றைக்கே இரைய ஆரம்பிக்கும்.

அச்சை உள்ளே விட்டு இருபுறமும் நட்டை முடுக்குகிறார். உருளை இறுகிப்போகிறது. வாத்தியாரின் முகம் வாடுகிறது. பட்டறைக்காரர் நிதானமாகப் பிரித்து, இரண்டு பால்ரஸுக்கும் நடுவே அச்சின்மேல் மாட்டியிருந்த குழாய்த் துண்டை எடுக்கிறார். அது நூலளவு குட்டை. அதனால்தான் நட்டு உள்வளையங்களை நெருக்கிக் குண்டுகளைப் பிடித்துக்கொண்டது. வேறு குழாயில் கொஞ்சம் நீட்டி வெட்டுகிறார்; அரத்தால் இரண்டு இழுப்பு; மாட்டிப் பார்க்கிறார்; இன்னும் ஓர் இழுப்பு. மறுபடி நட்டை முடுக்கி, உருளையைச் சுண்டிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோகிறார். இப்போது அச்சு அசையாமல் நிற்கிறது. உருளை மட்டும் சுற்றுகிறது, சத்தமில்லாமல், நெடுநேரம். சைக்கிள் சக்கரம் சுற்றுவதும் இதே முறையில்தான்.

வாத்தியார் ஏறி மிதிக்கிறார். "இப்ப பாரமே இல்லையேப்பா. ஸ்டாண்டு போட்டு மிதிச்ச மாதிரி இருக்கு."

"மொதல்ல தடையில்லாம சுத்தணும் சார். பெறகு வேணுங்கிற தடைய நாமளா வைக்கணும்."

தோல் வார் ஒன்றை உருளையின் ஓரத்தில் சுற்றி, ஒரு முனையைச் சட்டத்தில் முடிகிறார். மறுமுனையில் ஸ்பிரிங்கும் திருகும். திருகை முடுக்க முடுக்க மிதி கனக்கிறது. எந்த நிலையில் வைத்தாலும் வெட்டு இல்லை. ஒரே சீரான இழுவை. வாத்தியார் அரைத் திருகில் நிறுத்திக்கொள்கிறார். "வாரம் போகப்போகக் கூட்டிக்கோங்க" என்கிறார் பட்டறைக்காரர்.

உராய்வு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. முன்பு அது தானாக வந்து, நினைத்த நேரத்தில் கவ்வி, டயரையும் முட்டியையும் தின்றது. இப்போது அது வாத்தியார் சொன்ன அளவில் நிற்கிறது. இந்த வித்தியாசம் தெரிந்தவர் கையில்தான் இயந்திரம் மனிதனுக்கு உதவுகிறது. பேனா நிப்புக்குப் பேர்போன ஊர் இது. தகட்டை அடித்து, முனையைக் கீறி, மை இறங்கும் அளவுக்குப் பிளவு வைத்த கைகள் இங்கே ஏராளம். நிப்புத் தொழில் நொடித்துவிட்டது. மயிரிழை அளவை விரலால் அறியும் பழக்கம் இந்தப் பட்டறையில் இன்னும் பிழைத்திருக்கிறது.

"எவ்வளவுப்பா?"

"பால்ரஸும் லேத்துக் கூலியும் கொடுங்க சார். எனக்கு உங்க இஷ்டம்."

அந்த "உங்க இஷ்டம்" நெஞ்சை அறுக்கிறது. கூர்ந்து கேட்ட காதுக்கும் மூன்றாவது இழுப்பில் நின்ற அரத்துக்கும் விலை போட அவருக்குக் கூச்சம். நமக்கு அந்தக் கூச்சம் வேண்டாம். பட்டறைக்குப் போகும்போது அவர் வாயால் கூலியைச் சொல்லவையுங்கள். சொன்னதைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கூடவே வீட்டுப் பிள்ளையையும் அழைத்துப் போய், வேலை முடியும்வரை அங்கே உட்காரவையுங்கள்.