உட்கார்ந்த ஜீப்பை எழுப்புகிறவர்கள்

கொழுக்குமலை தேனி மாவட்டத்துக்குள் இருந்தாலும் வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகிறது. கிட்டத்தட்ட 7,900 அடி உயரம். பாறையும் குழியுமாகக் கிடக்கும் அந்தப் பாதையில் விடியலுக்கு முன்பே சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போகத் தொடங்கிவிடும். பெரும்பாலும் பழைய மஹிந்திரா வண்டிகள். யூடியூபில் பையன்கள் காட்டுகிற மாதிரி நாலைந்து அங்குலம் தூக்கிக் கட்டிய வண்டி ஒன்றைக்கூட அங்கே நான் பார்த்ததில்லை. அந்தப் பாதையிலேயே பிழைப்பு நடத்துகிறவர்கள் ஏன் அதைச் செய்யவில்லை என்ற கேள்வி எனக்குள் வெகுநாளாக இருந்தது. பதில் போடிநாயக்கனூரில், தேனி சாலையோரத் தகரக் கொட்டகைப் பட்டறை ஒன்றில் கிடைத்தது.

அங்கே என்னை அழைத்துப் போனவர் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நண்பர். பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒன்றை வாங்கியிருந்தார். தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பாறைத் திட்டு. வண்டியின் பின்பக்கக் கொக்கி ஒவ்வொரு முறையும் அதில் இடிக்கும். வண்டியை உயர்த்தியே ஆகவேண்டும், ஆனால் கையில் பெரிய தொகை இல்லை. ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலிய லிஃப்ட் கிட்டுகள் ஷாக் அப்சார்பரோடு சேர்த்தால் லட்சத்தைத் தொட்டுவிடுகின்றன. அவர் வண்டி வாங்கிய விலையில் அது பாதி.

குறைந்த செலவில் உயர்த்த என்னென்ன வழி என்று அவர் ஊரெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். லீஃப் ஸ்பிரிங் எனப்படும் பட்டைக் கட்டின் ஒரு முனையைத் தாங்கும் ஷாக்கிளை நீளமாக்கலாம் என்றார் ஒருவர். அது மலிவுதான். ஆனால் இரண்டு அங்குலம் நீளம் கூட்டினால் வண்டிக்குக் கிடைப்பது ஓர் அங்குலமே, ஏனென்றால் கட்டின் மறுமுனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதோடு ஆக்ஸிலும் லேசாகத் திரும்பிவிடும். முன்பக்கம் அப்படித் திரும்பினால் ஸ்டீயரிங்கும் பழையபடி இருக்காது. ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைக்கலாம் என்றார் இன்னொருவர். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் வண்டிகளில், பின்பக்கத்துக்கு மட்டும், ஒரே கட்டையாக வைத்தால் அது நிற்கும். முன்பக்கம் வைக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது வருகிற முறுக்கில் கட்டை நழுவினால் உயிர் போகும்.

மூன்றாவது யோசனையில்தான் நண்பருக்கு ஆசை. 540-இல் பட்டைக் கட்டு ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். அதை மேலே மாற்றி வைத்துவிட்டால் ஒரே வேலையில் ஐந்து அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கூடுதல் கோணத்தில் சாய்ந்து யுனிவர்சல் ஜாயின்ட் அதிரும், பிரேக் குழாய் எட்டாது, ஸ்டீயரிங் ராடின் கோணம் மாறி ஒவ்வொரு குழியிலும் வண்டி தானாக ஒருபக்கம் இழுக்கும். இவற்றையெல்லாம் சரிசெய்ய ஆகும் செலவு ஆஸ்திரேலியக் கிட்டின் விலையை எட்டிப்பிடிக்கும். சரிசெய்யாமல் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பட்டறையின் மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. வண்டியைப் பார்த்ததும் அவர் பட்டையைத் தொடவில்லை. சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நாலு மூலையிலும் அளந்து, அளவை அங்கங்கே சாக்பீஸால் எழுதினார். பிறகு நண்பரைப் பார்த்து, “தம்பி, இதுல எத்தன பேரு போவீங்க? மூட எத்தன ஏத்துவீங்க?” என்றார்.

“நானும் டிரைவரும் போவோம்ணே. சீசன்ல நாலு மூடை காய் இருக்கும்.”

“அந்த வெயிட்ட ஏத்திக்கிட்டு வாங்க. வெறும் வண்டிய அளந்தா வெறும் வண்டிக்குத்தான் வேல செய்ய முடியும்.”

மூட்டைகளோடு திரும்பி வந்ததும் மறுபடி அளந்தார். ஓட்டுநர் பக்கம் அரை அங்குலத்துக்கும் மேல் கூடுதலாக இறங்கியிருந்தது. இத்தனை வருடமாக அந்த ஒரு இருக்கை காலியாகவே இருந்ததில்லை, அதனால் அந்தப் பக்கத்துப் பட்டைதான் முதலில் தளர்கிறது. “ஒங்களுக்கு லிஃப்ட்டு வேணாம் தம்பி. வண்டி ஒக்காந்து போச்சு. அத எழுப்பி விட்டாப் போதும். ஒன்றரை இஞ்சு இதுலயே கெடக்கு,” என்றார்.

உயர்த்தும் கிட்டைத் தேடி அலைகிற எல்லோரும் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். இருபது, முப்பது வருடம் சுமை தாங்கிய பட்டை தன் வளைவை இழந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் அதன்மேல் கட்டையும் ஷாக்கிளும் வைப்பது, காலம் எடுத்துக்கொண்ட உயரத்துக்கு ஈடாகக் காசைக் கொட்டுவது. போன வளைவை மீட்பது பழுதுபார்ப்பு மட்டுமே. அதைத் தாண்டி உயர்த்தினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு குறுக்கே வருகிறது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டி மாறக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பதும் அதையே.

கட்டைக் கழற்றிப் பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். மேஸ்திரியோடு வேலை செய்வது ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவர்தான். அவர் பேசுவது தேனித் தமிழ், அதுவும் மேஸ்திரியின் இழுவையோடு. பட்டையை ஒரு கம்பியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுவார். நல்ல பட்டை மணியாக ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஒலி சட்டென்று அடங்கிவிடும். அந்தச் சோதனையை மேஸ்திரி செய்வதில்லை. பன்னிரண்டு வயதில் நாமக்கல் லாரிப் பட்டறையில் சம்மட்டி பிடிக்கத் தொடங்கியவர் அவர். காதுக்குப் பஞ்சுகூட வைக்காத காலம். இப்போது அவருக்குப் பேச்சு கேட்கிறது, பட்டையின் ஒலி கேட்பதில்லை.

அதனால் அவர் வேறொரு முறை வைத்திருக்கிறார். அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு தடவை போகலாம். கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்த பட்டைமேல் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விடுகிறார். பிறகு காய்ந்த துணியால் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைக்கிறார். மேலே சாக்பீஸை நொறுக்கித் தேய்க்கிறார். பட்டை வெள்ளையாகிவிடுகிறது. ஓரத்தில் மெதுவாக நாலு தட்டு. விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளையில் கோடாகத் தெரிகிறது. நண்பரின் வண்டியில், பின்பக்க இடது கட்டின் மூன்றாம் பட்டையில், சென்டர் போல்ட் துளையிலிருந்து விளிம்பை நோக்கி அப்படி ஒரு மயிரிழைக் கோடு மெல்ல மெல்ல எழுந்து வந்தது. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்து ஓடிய வண்டிகளில் பட்டை அந்தத் துளையில்தான் விடும் என்றார் மேஸ்திரி. அதன்மேல் கிட்டை மாட்டிப் பெரிய டயரையும் போட்டிருந்தால், எந்த வளைவில் அது முறிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நல்ல பட்டைகளைச் சூடேற்றாமல்தான் வளைத்தார்கள். நடுவில் பள்ளம் வெட்டிய தடித்த இரும்புக் கட்டைமேல், குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி பட்டையை வைத்து, ஓர் அங்குலத்துக்கு ஒரு சம்மட்டி அடி என்று முனையிலிருந்து முனைவரை நகர்த்திக்கொண்டே அடித்தார் இளைஞர். பட்டையைப் பிடித்து நகர்த்துவது மேஸ்திரியின் வேலை. எத்தனை தூரம் நகர்த்துகிறார் என்பதில்தான் வளைவு இருக்கிறது. சிமென்ட் தரையில் சாக்பீஸால் வில் ஒன்று வரைந்திருந்தார். பட்டையை அதன்மேல் வைத்துப் பார்ப்பார், எடுப்பார், மறுபடி அடிக்கச் சொல்வார். ஓட்டுநர் பக்கத்துக்கு வேறு கோடு, கொஞ்சம் கூடுதல் வளைவோடு.

உடைந்த பட்டைக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று அடித்தார்கள். அதற்கு உலை. கொட்டகையின் அந்த மூலை மட்டும் இருட்டாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வெயில் வெளிச்சத்தில் இரும்பின் நிறத்தைக் கண் சரியாகப் படிக்காது. ஆரஞ்சு ஏறியதும் வளைத்து எண்ணெயில் தோய்த்தார்கள். தோய்த்த இரும்பு கடினமாக இருந்தாலும் கண்ணாடியைப் போல உடையும். அதனால் மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதம் இறக்கவேண்டும். காய்ந்த குச்சியைப் பட்டைமேல் இழுத்துப் பார்த்தார். குச்சி வழுக்கிக்கொண்டு போய் நுனியில் பொறி சிந்தியதும் உலையிலிருந்து எடுத்துவிட்டார். புஷ் அடிப்பது, கிளிப் மாட்டுவது போன்ற மற்ற வேலைகளைச் சொல்லி வாசகரைச் சலிப்படையச் செய்ய விரும்பவில்லை.

லாரிப் பட்டையை வெட்டி ஜீப்புக்கு ஒன்று கூடுதலாகச் செருகிவிடலாமே என்று நண்பர் நடுவில் கேட்டார். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், செலவும் மிகக் குறைவு. மேஸ்திரி தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பட்டையின் கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். புத்தகத்தில் கனத்தின் மும்மடி என்று எழுதியிருக்கும் கணக்கு. “ஒரு கனத்த பட்ட வளையாம நிக்கும், மத்ததையும் வேல செய்ய விடாது. வண்டி ஒசரும், ஒங்க இடுப்பு ஒடியும்,” என்று அவர் சொன்னதும் அதே கணக்குதான். விறைத்த வண்டியின் சக்கரம் பாறையில் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் சுற்றும். மலையில் வண்டியை ஏற்றுவது சக்கரத்தின் பிடி. உயரம் மட்டும் ஏற்றிவிடாது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. எத்தனை அங்குலம் தூக்கினாலும் ஆக்ஸிலும் அதன் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் உருண்டையும் உயராது. உயர்வதெல்லாம் சேஸிஸும் அதற்கு மேலே உள்ளவையும். டிஃபரன்ஷியல் பாறையில் இடித்தால் டயரைத்தான் மாற்றவேண்டும். ஓர் அங்குலம் பெரிய டயர் அரை அங்குலம் உயர்த்தும். நண்பருக்கு இடித்தது கொக்கி. அதனால் பட்டை வேலை அவருக்குப் பலன் தரும்.

நாலு கட்டையும் பிரித்து, வளைத்து, புதுப் பட்டை, புது சென்டர் போல்ட், புது யூ போல்ட் எல்லாம் போட்டு மேஸ்திரி கேட்டது பத்தாயிரத்துக்குச் சற்று மேல். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டவே மாட்டேன் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஒரு முறை இறுகி நீண்ட மரை மறுபடி அதே பிடியைக் கொடுக்காது.

இதே மேஸ்திரி அடிக்கும் பட்டைகளை ஒரு நகரத்துக் கடைக்காரர் கிலோ கணக்கில் எடுத்துப் போகிறார். கறுப்புச் சாயம் அடித்து, ஷாக்கிள் ஒரு ஜோடி சேர்த்து, அட்டைப் பெட்டியில் போட்டு ‘லிஃப்ட் கிட்’ என்று விற்கிறார். எந்த வண்டி, எத்தனை பேர், என்ன சுமை என்று யாரும் கேட்பதில்லை. மேஸ்திரிக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு பெட்டியின் விலை. அந்தப் பணமும் மேஸ்திரிக்கு மாதக் கடனில்தான் வருகிறது. பட்டை ஒடிந்தால் மட்டும் “பட்டறைக்காரன் அடிச்சது சரியில்ல” என்று பழி அவரைத் தேடி வருகிறது. எனக்கு ஆத்திரமாக இருந்தது. இன்னும் ஆத்திரமாகவே இருக்கிறது. சுமையைக் கேட்டு, அளந்து, விரிசலைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் மொத்த அறிவு. அதைக் கழித்துவிட்டு இரும்பை மட்டும் விற்கிறவர் லாபத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறார். காதைக் கொடுத்தவருக்கு இரும்பின் எடைக்குக் கூலி. வாங்குகிறவர்கள் பட்டறையைத் தேடி நேராகப் போனால் அவர்களுக்கும் செலவு குறையும், உலையும் அணையாமல் இருக்கும்.

அணைகிற நிலையில்தான் அது இருக்கிறது. 2020-இல் வந்த புதிய மஹிந்திரா தார் வண்டியில் பட்டையே கிடையாது, நாலு சக்கரத்துக்கும் காயில் ஸ்பிரிங். லாரிகளில் பட்டை எண்ணிக்கை குறைந்த பாராபாலிக் கட்டுகள் வந்துவிட்டன. நடுவில் தடித்து முனையில் மெலியும் அந்தப் பட்டையைச் சம்மட்டியால் வளைக்க முடியாது. பொலேரோ பிக்கப்புகளும் ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றும் பழைய ஜீப்புகளும்தான் மிச்சம். அந்த ஜீப்புகளில் விடியற்காலையில் நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டும் கம்பம்மெட்டும் தாண்டிப் போகிற பெண்களின் எடையைத் தாங்குவது இந்தப் பட்டைகள்தான். மேஸ்திரி விரிசல் தேடும்போது காட்டும் கண்டிப்பு அவர்களுக்காக. “மேல ஒக்காந்திருக்கது இரும்பு இல்லைல்ல சார்,” என்றார் என்னிடம்.

நண்பரின் வண்டி மூட்டைகளோடு முன்னைவிட ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாகவே நின்றது, இரண்டு பக்கமும் சமமாக. பழைய ஷாக் அப்சார்பரே போதுமா என்று வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். ஷாக் அப்சார்பரும் பிரேக் குழாயும் இழுபடவில்லை, அதனால் மாற்றவில்லை. பாறைத் திட்டில் கொக்கி இடிக்கவில்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வரவேண்டும் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வளைத்த பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காரும்போது யூ போல்ட் தளரும். நாங்கள் போனபோது எட்டு போல்ட்டின் நட்டுகளையும் அவரே படுத்துக்கொண்டு முடுக்கினார். ஒவ்வொன்றும் கால் சுற்று, அரைச் சுற்று நகர்ந்தது. நண்பர் பணத்தை நீட்டியபோது, “இது அன்னைக்கிக் குடுத்ததுலயே சேந்தது தம்பி,” என்று சொல்லிவிட்டு அடுத்த பிக்கப்பின் மூட்டை எடையைக் கேட்கப் போய்விட்டார்.