வீடு தேடிய கதை

நுழையும்முன்

ஒரு பழைய நூல் நம் கைக்கு வந்து சேர்வதற்கு முன் எத்தனையோ கைகளைக் கடந்து வருகிறது. எழுதியவர், படியெடுத்தவர், மொழிபெயர்த்தவர், அச்சிட்டவர் என ஒவ்வொருவரும் அதில் எதையோ காத்திருக்கிறார்கள். எதையோ தவறவிட்டும் இருக்கிறார்கள். அந்தக் கைகளின் தடங்களைத் தேடுவதை வாழ்நாள் பணியாகக் கொண்ட விவிலியவியல் பேராசிரியர் ஒருவர், தம் வகுப்பறையில் தாம் கற்ற பாடத்தை இங்கே எடுத்துரைக்கிறார்.

தோகையில் தொடங்கியது

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையின் செம்மண் தேரியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் உபதேசியாராக இருந்தார். நாள்தோறும் விளக்கேற்றியதும் திருமறையில் ஒரு பகுதியை உரக்க வாசிப்பார். சாலமோன் மன்னனின் கப்பல்கள் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை பொன்னும் வெள்ளியும் தந்தமும் குரங்கும் மயிலும் கொண்டுவந்து இறக்கிய செய்தியை அவர் ஒருநாள் வாசித்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது. “மயில் நம்ம ஊர்ப் பறவையாச்சே, அது அங்கே எப்படிப்பா போச்சு?” என்று கேட்டேன். “கப்பல்ல ஏறிப் போயிருக்கும். மேல படிச்சா நீயே கண்டுபிடிக்கலாம்” என்றார் அவர்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, இறையியல் மாணவனாக எபிரேய மொழி கற்கையில் அந்த இடத்தை மூலத்தில் வாசித்தேன். மயிலைக் குறிக்க அங்கே ‘துக்கி’ என்னும் சொல்லின் பன்மை வடிவம் நின்றது. எங்கள் ஊருக்கு அண்மையில் இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் அச்சொல்லைத் தமிழின் ‘தோகை’யோடு தொடர்புபடுத்தியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகிழ்ச்சியைப் பார்த்துச் சிரித்த ஆசிரியர், “அது மயிலே அன்று, ஒருவகைக் குரங்கு என்று கருதும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் காரணத்தையும் படித்துவிட்டு வா” என்றார்.

படித்தேன். தோகையையே நான் இன்றும் சார்ந்து நிற்கிறேன். ஆயினும் அன்று கற்றது வேறு. நம் மனத்துக்கு இனிய விடை கிடைக்கும்போதும் அதற்கு எதிரான சான்றை மறைக்கக் கூடாது என்பதே அப்பாடம். அதுவே என்னை விவிலியவியலுக்குள் அழைத்துச் சென்றது. அந்த நேர்மை ஒருநாள் என்னிடம் எவ்வளவு விலை கேட்கும் என்பதை அன்று நான் அறியவில்லை.

ஹூக்ளிக் கரையில்

நான் ஆசிரியப் பணியேற்ற இடம், வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்த செராம்பூர். வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய மூவரும் 1818இல் அங்கே கல்லூரியை நிறுவினர். பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க்கு மன்னர் பட்டயமாக அளித்தார். செராம்பூரும் நம் தரங்கம்பாடியும் அந்நாளில் டேனியர் குடியிருப்புகளே. தரங்கம்பாடியில்தான் சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் முழுமையாக அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. ஆகவே ஹூக்ளிக் கரையில் நின்றபோதும் நான் அயலூரில் இருப்பதாக உணர்ந்ததில்லை.

புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒரு தீவிபத்தின் கதை. 1812 மார்ச் 11ஆம் நாள் செராம்பூர் அச்சகம் தீக்கிரையானது. கேரி பல ஆண்டுகள் உழைத்து எழுதிய கையெழுத்துப்படிகளும் பன்மொழி அகராதியும் சாம்பலாயின. செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து மொழியறிஞராக உயர்ந்த அம்மனிதர், மொழிபெயர்ப்பை மீண்டும் தொடங்கினார். “நாம் படிக்கும் நூல் வானத்திலிருந்து அச்சாகி விழவில்லை. மனிதக் கைகள் அதைச் சுமந்து வந்தன. அக்கைகள் களைத்தன, தவறின, மீண்டும் எழுதின. அவற்றை அறிவதே நம் பாடம்” என்று கூறி வகுப்பைத் தொடங்குவேன்.

புள்ளி இல்லாத எழுத்துகள்

பழங்கால எபிரேயத்தை உயிரொலிக் குறிகள் இல்லாமலே எழுதினர். இன்று நாம் காணும் புள்ளிகளும் கோடுகளும் பல நூற்றாண்டுகள் கழித்து, வாசிப்பு மரபைக் காத்துவந்த யூத அறிஞர்கள் சேர்த்தவை. தமிழ் மாணவனுக்கு இது புதுமையன்று. நம் ஓலைச்சுவடிகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பொருளறிந்து படிப்பவரே சொல்லைச் சரியாகப் பிரிக்க முடியும்.

சுவடிகள் சில வேளைகளில் வியப்பூட்டும் உறுதியைத் தருகின்றன. 1947ஆம் ஆண்டை ஒட்டிச் சாக்கடலருகே கும்ரான் குகைகளில் கிடைத்த எசாயா சுருள், ஏழு மீட்டருக்கும் மேல் நீளமுடையது. அதுவரை அறிஞர் கையிலிருந்த எபிரேயப் படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழமையானது. எழுத்துமுறையிலும் சொற்களிலும் வேறுபாடுகள் பல இருந்தபோதிலும், நூலின் உடல் அதே உடலாகவே இருந்தது. புதிய ஏற்பாட்டுக்கோ கிரேக்கக் கையெழுத்துப்படிகள் 5,000க்கும் மேல் உண்டு. அவற்றிடையே பாடவேறுபாடுகளும் ஏராளம். கண் தவறிய வரி, காதில் பிழையாக விழுந்த சொல், ஓரத்தில் எழுதிய குறிப்பு உள்ளே புகுந்தது என ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தேட வேண்டும்.

இதை விளக்கும்போதெல்லாம் உ.வே. சாமிநாதையரை நினைத்துக்கொள்வேன். 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை, அவை கிடைக்கவில்லை. அப்புலமைக்கு இரண்டு பாடல்களை இயற்றிச் செருகுவது அரிதன்று. ஆனால், அவர் வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டார். நூலின்மீது கொண்ட பேரன்பு அது.

வகுப்பில் எழுந்த கேள்வி

நான் பணியேற்ற ஏழாம் ஆண்டில் அந்நிகழ்ச்சி நடந்தது. அன்றைய பாடம் யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரம். ஒழுக்கம் தவறினாள் என்று ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு கூட்டம் வருகிறது. அவளைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்கிறது. இயேசு குனிந்து தரையில் எழுதுகிறார். குற்றமற்றவன் முதல் கல்லை எறியட்டும் என்ற பொருளில் ஒரு சொல் சொல்கிறார். ஒவ்வொருவராகக் கலைந்து போகிறார்கள். கிறித்தவர் அல்லாதவரும் அறிந்த கதை இது.

நான் சான்றுகளை அடுக்கினேன். இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் பாப்பிரசுச் சுவடிகளில் இப்பகுதி இல்லை. நான்காம் நூற்றாண்டின் சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இல்லை. நமக்குக் கிடைத்துள்ள கிரேக்கச் சுவடிகளுள் இது முதன்முதல் காணப்படுவது, ஐந்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சுவடி ஒன்றில்தான். எனவே ஆய்வுப் பதிப்புகள் இதை இரட்டைப் பகர அடைப்புக்குள் வைக்கின்றன. யோவான் நற்செய்தியின் முதல் வடிவத்தில் இது இருந்திருக்காது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு.

கடைசி வரிசையிலிருந்து தமிழ்நாட்டு மாணவன் ஒருவன் எழுந்தான். பேச்சுக் குறைந்த பிள்ளை. வகுப்பில் எல்லாரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்க, அவன் என்னைத் தமிழிலே கேட்டான்.

“ஐயா, எங்க அம்மாமேல ஊர் ஒரு பழி போட்டது. நான் அஞ்சு வயசுப் பிள்ளை. எங்களை ஊரைவிட்டே விலக்கி வச்சாங்க. அம்மா என்னைத் தூக்கிக்கிட்டுக் கிணத்தைப் பார்த்துப் போயிருக்காங்க. வழியில ஒரு வீட்டுத் திண்ணையில யாரோ இந்தக் கதையை வாசிச்சது காதுல விழுந்திருக்கு. அதைக் கேட்டுத்தான் திரும்பி வந்தாங்க. அவங்களுக்கு எழுத்துத் தெரியாது. லீவுக்குப் போனா, இன்னைக்கு என்ன படிச்சேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

வகுப்பு அமைதியாயிற்று. நான், “சான்றுகள் அப்படித்தான் இருக்கின்றன, தம்பி” என்றேன். அந்நேரம் மணி அடித்தது. புத்தகங்களை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டேன்.

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இருந்தும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கிணற்றடியிலிருந்து ஒரு தாயை மீட்ட கதையை அவள் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, மணியடித்ததும் தப்பிவிட்டேன் என்று தோன்றியது. பொய் சொல்லி அவனைத் தேற்றுவதும் என்னால் ஆகாது. உண்மையில் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறேன் என்பது விடியும் நேரத்தில்தான் விளங்கியது.

சொல்லாமல் விட்ட பாதி

மறுநாள் அவன் வகுப்புக்கு வரவில்லை. விடுதி அறைக்குச் சென்றேன். கட்டிலின்மேல் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் பெட்டி திறந்து கிடந்தது. “தம்பி, நேற்று நான் பாடத்தை முடிக்கவில்லை. மீதியைக் கேட்டுவிட்டுப் போ” என்று நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன்.

மூன்றாம் நூற்றாண்டில் சிரியப் பகுதியில் எழுந்த திருச்சபை ஒழுங்கு நூல் ஒன்றை முதலில் காட்டினேன். மனம் திருந்தியவரை ஆயர்கள் கடுமையின்றி நடத்த வேண்டும் என்பதற்கு இந்தக் கதையையே அது எடுத்துக்காட்டுகிறது. யோவான் சுவடிகளில் இடம்பெறுமுன்பே மக்கள் இக்கதையை அறிந்திருந்தனர். அடுத்து, பிற்காலச் சுவடிகளைப் பற்றிய குறிப்புகளைக் காட்டினேன். சில சுவடிகளில் இக்கதை யோவான் நற்செய்தியின் இறுதியில் நிற்கிறது. வேறு சிலவற்றில் லூக்கா நற்செய்திக்குள் போய் அமர்ந்திருக்கிறது. சிலவற்றில் எழுத்தர் ஐயக்குறி இட்டிருக்கிறார். இன்னும் சிலவற்றில் கதையை எழுதாமல், அதற்கான இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறார்.

பின்னர் அகுஸ்தீனின் கருத்தைச் சொன்னேன். 1,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவ்வறிஞர், சிலர் இப்பகுதியைத் தம் படிகளிலிருந்து நீக்கிவிட்டதாகக் கருதினார். இதைப் படித்தால் தம் மனைவியர் அஞ்சாமல் தவறு செய்வார்களோ என்ற பயமே அதற்குக் காரணம் என்றார். அவர் கூறிய காரணத்தை இன்றைய அறிஞர் பலரும் ஏற்பதில்லை. ஆனால், இக்கதையைக் கண்டு அஞ்சியவர்கள் இருந்தார்கள் என்பது அதிலிருந்து புலப்படுகிறது.

“இதை எழுதியவர் யோவான் என்று என்னால் சொல்ல முடியாது. கற்பனை என்றும் சொல்ல முடியாது. நெடுங்காலம் வாய்மொழியாக வாழ்ந்த கதை இது. பல நற்செய்திகளின் வாசலில் நின்றிருக்கிறது. விட்டுவிட மனமில்லாத யாரோ ஒருவர் இதை உள்ளே அழைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்தது இவ்வளவே” என்றேன். அவன் எதுவும் பேசவில்லை. அன்று மாலை பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான் என்று அறைத்தோழன் சொன்னான்.

கோடை விடுமுறை முடிந்து திரும்பியதும் அவன் நேரே என் அறைக்கு வந்தான். “அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன் ஐயா. எதையும் மறைக்கல” என்றான்.

“என்ன சொன்னார்கள்?”

“கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், ‘அந்தக் கதையையும் ஊர் சேக்கலியா? அப்போ அது நம்ம கதைதான்டா’ன்னாங்க.”

என் துறையின் பெருநூல்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். அந்தப் பகுதிக்கு அதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எங்கும் கண்டதில்லை.

அதன்பின் 24 ஆண்டுகள் அதே பாடத்தை நடத்தினேன். ஒரு சான்றையும் குறைத்துச் சொன்னதில்லை. ஆனால், எனக்கென்று ஒரு விதி வகுத்துக்கொண்டேன். ஐயத்தை எழுப்பிவிட்டு மணியோசைக்குக் காத்திருக்கக் கூடாது. இல்லாததைச் சொன்ன நாவே, இருப்பதையும் சொல்லி முடிக்க வேண்டும். உண்மையைச் சொல்பவருக்கு, அது யார் தலையில் இறங்குகிறது என்று பார்க்கும் கடமையும் உண்டு.

ஓய்வு பெற்ற நாளில் நூல்களையெல்லாம் நூலகத்துக்குக் கொடுத்தேன். வகுப்புக் குறிப்பேடு ஒன்றை மட்டும் என்னுடன் கொண்டுவந்தேன். யோவான் எட்டாம் அதிகாரத்துக்குரிய பக்கத்தில் சுவடிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் கீழே அகுஸ்தீனின் கருத்து. அதற்கும் கீழே, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் சொன்ன அந்த ஒரு வரி.