எடை போனால் போகட்டும்

பேராண்டி, நிச்சயதார்த்த மோதிரத்துக்கு ஒரு காரட் கல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாயாமே? உன் அம்மா போனில் சொன்னாள். நகைக்கடை கவுண்டரில் நின்றே தலை நரைத்தவன் நான். வாங்குவதற்கு முன் நான் சொல்வதையும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்.

வைரம் டால் அடிப்பது எடையால் அல்ல, பட்டை தீட்டிய கோணத்தால். மேலிருந்து நுழைகிற வெளிச்சம் அடிப்பட்டைகளில் மோதி, மறுபடி மேல்வழியாகவே உன் கண்ணுக்கு வர வேண்டும். ரவுண்டு கல்லில் அடிச்சரிவு 41 டிகிரியை ஒட்டி இருந்தால் அது நன்றாக நடக்கும். மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் இந்தக் கணக்கை 1919-இல் புத்தகமாகவே போட்டார். கல் தட்டையானால் வெளிச்சம் அடிவழியே ஒழுகிவிடும். ரொம்ப ஆழமானால் பக்கவாட்டில் தப்பிவிடும், நடுவில் கறுப்படிக்கும்.

தீட்டுகிறவருக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு காரட்டைத் தொட்டதும் விலை எகிறும். அதனால் 0.95-இல் நிற்க வேண்டிய கல்லை, அதன் இடுப்பை, அதாவது நடு விளிம்பை, தடிமனாக விட்டு 1.00 ஆக்கிவிடுவதுண்டு. அந்தக் கூடுதல் எடைக்கும் நீதான் காசு கொடுக்கிறாய்.

கோகினூரையே 1851-இல் லண்டன் கண்காட்சியில் வைத்தபோது, முண்டியடித்துப் பார்த்த ஜனம் உதட்டைப் பிதுக்கியது. அன்றைய கணக்கில் 186 காரட். கேஸ் விளக்கு வைத்தும் எடுபடவில்லை. மறுவருடம் ஆம்ஸ்டர்டாம் ஆட்களை வரவழைத்து, நீராவி இயந்திரம் பூட்டிய சாணையில் 38 நாள் தீட்டினார்கள். மிஞ்சியது, இன்றைய கணக்கில் சுமார் 106 காரட். பெரிய கல்லைக் குறைக்காமல் வைத்துக்கொள்வது நம் பழைய ரசனை, அதை நான் பழிக்கமாட்டேன். ஆனால் டாலும் வேண்டும், எடையும் குறையக்கூடாது என்றால் எந்தச் சாணைக்காரரும் கையை விரித்துவிடுவார்.

உன்னையும்தான் பார்க்கிறேன். பகலில் ஆபீஸ், ராத்திரியில் எம்.பி.ஏ., சனி ஞாயிறு சிநேகிதனுடைய கம்பெனி. எதையும் விட மனசில்லை. எதை விடுவது என்று நான் சொல்லப்போவதில்லை, அது உன் பாடு. அந்தப் பெண்ணோடு நிதானமாக ஒரு மணி நேரம் பேச எந்த நாளை வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்கிறேன்.

கடைக்குப் போனால் கல்லை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார். ஸ்பாட் லைட்டுக்கு அடியில் சோடைக் கல்கூட மினுக்கும். சர்டிபிகேட்டில் எடைக்கு முன்னால் ‘கட்’ என்ற வரியைப் படி. 0.90 போதும். அவளையும் கூட்டிக்கொண்டு போ, போட்டுக்கொள்ளப் போவது அவள்தானே.